பத்து தகராறு, அஞ்சு பாக்கி

"எதுக்கும் லாயக்கில்ல நீ." இந்தப் பட்டத்தை வாங்காமல் யாரும் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் வரைக்கும் வந்திருக்க மாட்டீங்க. எங்க வீட்டில் உம்மா செமஸ்டருக்கு ஒரு தடவை, ரிசல்ட் அன்னிக்குத் தவறாமல் கொடுத்துடுவாங்க. அந்த 'லாயக்கு' ஒரு அரபிச் சொல். 'லாயிக்' என்றால் பொருத்தமானது, தகுந்தது. பாரசீகம், உருது என்று சுற்றிவிட்டுத் தமிழுக்கு வந்து சேர்ந்தது. அதே வேரில் பிறந்த இன்னொரு சொல் 'லியாகா'. துபாய், தோஹா பக்கம் ஜிம் போர்டுகளில் 'லியாகா பதனிய்யா' என்று பார்க்கலாம். பதன் என்றால் உடம்பு. உடம்பின் லாயக்கு, அதாவது ஃபிட்னஸ்.

இன்னொன்று. ஜிம்மில் ஒரு பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்வதை நாம் 'ரெப்ஸ்' என்கிறோம். அரபியில் அது 'தக்ரார்'. திரும்பச் செய்தல் என்பதுதான் நேரடிப் பொருள். உருதுக்காரங்க சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லிச் சண்டை போடுவதற்கு அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டாங்க. நாம அதை 'தகராறு' ஆக்கினோம். ஆக அரபு நாட்டு ஜிம்மில் கோச் பத்து தக்ரார் போடச் சொன்னால் பயப்பட வேண்டாம். அஞ்சு முடித்ததும் அவர் 'பாக்கீ கம்ஸா' என்பார். கம்ஸா என்றால் ஐந்து. பாக்கியை நான் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

இப்படி ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருக்கிறேன். ஆரம்பித்த காரணம் கொஞ்சம் வலியான விஷயம்.

என் பெரியம்மா மகன் காக்கா ஒருத்தர் சபுராளி; வளைகுடாவில் ஒரு கிடங்கில் வேலை. (எங்க பக்கம் அண்ணனை காக்கான்னுதான் கூப்பிடுவோம். சபுராளி என்றால் பிழைப்புக்கு வெளிநாடு போனவர்.) ஒரு நாள் பெட்டி தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. நிமிர முடியல. சூப்பர்வைசர் எகிப்துக்காரர். அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை, காக்காவுக்கு இந்தி அரைகுறை. காக்கா கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்புப் பக்கம் காட்டினார். அவர் ஏதோ வயிற்றுக் கோளாறு என்று நினைத்து மாத்திரை ஒன்றைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார். மதியம் மறுபடியும் பெட்டி. ரெண்டு நாள் கழித்து மலையாளி நர்ஸ் இருந்த ஒரு கிளினிக்குக்குப் போன பிறகுதான் முதுகு என்றே தெரிந்தது. அப்புறம் மூணு வாரம் படுக்கை, சம்பளம் இல்லை.

காக்கா ஏழு வயசிலிருந்து மக்தபில் குர்ஆன் ஓதியவர். தஜ்வீத் சுத்தமாக இருக்கும். அரபி எழுத்து தெரியும், தினமும் ஐந்து வேளை அரபியில் வாய் அசைக்கிறவர். முதுகு என்ற ஒரு சொல் மட்டும் அந்த நேரத்தில் இல்லாமல் போயிற்று. அந்தச் சொல் என்ன தெரியுமா? 'ளஹ்ர்'. நண்பகல் தொழுகைக்கு என்ன பேர்? 'ளுஹர்'. மூன்று மெய்யெழுத்தும் அப்படியே ஒன்று. உயிரொலி மட்டும் வேறு. சொல்லை வாயிலேயே வைத்துக்கொண்டு மூணு வாரம் படுத்திருந்தார் என்று நினைத்தால் எனக்குத் தாங்கல. அவர் லீவில் வந்து இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அதிராம்பட்டினம் தெரியாதவங்களுக்கு: பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் உப்பளம், அதுக்கப்புறம் கடல். 1955இல் தொடங்கிய காதிர் முகைதீன் கல்லூரி இருக்கிற ஊர். தெருவுக்குத் தெரு வெளிநாட்டில் ஆள் இருக்கும். எங்களுக்கு அரபி எழுத்து சின்ன வயசிலேயே தெரியும், பேச்சு தெரியாது. உங்களில் பாதிப் பேருக்கு எழுத்தே தெரியாது என்றாலும், படிப்பு முடித்து வளைகுடாவுக்குப் போகிற சைட் இன்ஜினியர்களில் நீங்களும் இருக்கப்போறீங்க. அதனால்தான் இதை எல்லாருக்கும் சேர்த்து எழுதுறேன். ஏன் உடற்பயிற்சிச் சொற்கள்? உடம்புக்கு ஒன்று ஆகும்போது முதலில் தேவைப்படும் சொற்கள் இவைதான். அதோடு, இவற்றைப் புத்தகத்தை மூடிவிட்டுப் படிக்கலாம்.

சொல்லுக்கும் ஒரு எடை

அரபியின் அடிப்படை ரொம்ப எளிது. பெரும்பாலான சொற்களுக்கு மூன்று மெய்யெழுத்துகள்தான் வேர். அந்த மூன்றை வெவ்வேறு அச்சில் ஊற்றினால் வெவ்வேறு சொல். நம்ம பாஷையில் சொன்னால் டெம்ப்ளேட் ஒன்று, இன்புட் மூன்று. அந்த அச்சுக்கு அரபி இலக்கணத்தில் பேர் 'வஸ்ன்'. வஸ்ன் என்றால் எடை. டம்பெல் எத்தனை கிலோ என்று கேட்டாலும் வஸ்ன், ஒரு சொல் எந்த அச்சில் வார்த்தது என்று கேட்டாலும் வஸ்ன். தராசு 'மீஸான்', சமநிலை 'தவாஸுன்'. எல்லாம் ஒரே வேர்.

இப்ப மக்தபில் ஓதினவங்க கவனிங்க. தஜ்வீத், தக்பீர், தஸ்பீஹ், தஃப்ஸீர். நாலுக்கும் ஓசை ஒன்றாக இருக்கே? நாலும் ஒரே அச்சு. 'தஃப்ஈல்' என்பார்கள், ஒன்றைச் செய்வதை, ஆக்குவதைக் குறிக்கும். இதே அச்சில் ஜிம்முக்குள் நாலு சொல் காத்திருக்கு. தம்ரீன் என்றால் உடற்பயிற்சி. தத்ரீப் என்றால் பயிற்சி கொடுப்பது, கோச்சிங். தஸ்கீன் என்றால் சூடேற்றுவது, வார்ம் அப். தப்ரீத் என்றால் குளிரவைப்பது, கூல் டவுன்.

மத்ரஸா ஆசிரியரை 'முதர்ரிஸ்' என்கிறோம், பாங்கு சொல்கிறவரை 'முஅத்தின்' என்கிறோம். இது செய்பவரைக் குறிக்கும் அச்சு. இதில் தத்ரீபின் வேரை ஊற்றினால் 'முதர்ரிப்', அதாவது கோச். முதர்ரிஸுக்கும் முதர்ரிபுக்கும் கடைசி எழுத்துதான் வித்தியாசம். ரெண்டு பேரும் அடிக்கடி கத்துவாங்க என்பது வேற ஒற்றுமை.

இடத்தைக் குறிக்கும் அச்சும் தெரிந்ததுதான். ஸஜ்தா செய்யும் இடம் மஸ்ஜித், எழுதும் இடம் மக்தப். விளையாடும் இடம்? 'மல்அப்', மைதானம். நீந்தும் இடம் 'மஸ்பஹ்'. இந்த மஸ்பஹின் வேர் எழுத்துகளை உற்றுப் பாருங்க: ஸ, ப, ஹ. தஸ்பீஹின் அதே மூன்று. இறைவனைத் துதிப்பதும் நீந்துவதும் அரபியில் ஒரே மூன்று எழுத்து. இதை முதலில் அகராதியில் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

அகராதி என்றதும் ஒரு விஷயம். பல அரபி அகராதிகள் அகர வரிசையில் இல்லாமல் வேர் வரிசையில் இருக்கும். மாணவர்கள் அதிகம் பயன்படுத்தும் ஒன்றைத் தொகுத்தவர் ஒரு ஜெர்மானியர். 1952இல் ஜெர்மனில் வந்து, 1961இல் ஆங்கிலத்தில் வந்தது. அதில் தம்ரீனைத் தேடி 'த'வுக்குப் போனால் ஏமாற்றம்தான். ம-ர-ன என்ற வேருக்குப் போகணும். வேர் வரிசையில் அகராதி போட்ட அந்த ஆளின் பேர் ஹான்ஸ் வேர். நான் விளையாடல, உண்மையிலேயே அதுதான் பேர்.

நம்ம சிலபஸிலேயே இருக்கு

அந்த ம-ர-ன வேருக்கு வளைந்துகொடுத்தல் என்று பொருள். அதிலிருந்து 'முரூனா'. ஜிம்மில் இது உடம்பின் நெகிழ்வு, ஃப்ளெக்ஸிபிலிட்டி. மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்டில் எலாஸ்டிசிட்டி. அரபியில் மெட்டீரியல்ஸ் படிக்கிறவன் யங்ஸ் மாடுலஸை 'முஆமில் அல்முரூனா' என்றுதான் எழுதுவான். தம்ரீன் என்றால் உடம்பை எலாஸ்டிக் ரீஜியனுக்குள் வைத்திருக்கும் வேலை என்று நான் ஞாபகம் வைத்திருக்கிறேன். யீல்ட் பாயின்ட்டைத் தாண்டினால் காக்கா கதைதான்.

புஷ் அப்புக்கு 'தம்ரீன் அள்ளக்த்'. ளக்த் என்றால் அழுத்தம். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் பிரஷர் என்று வரும் இடமெல்லாம் இதே சொல். ரத்த அழுத்தம் 'ளக்துத் தம்'. தம் என்றால் ரத்தம். பிரியாணி தம்முக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை, அது பாரசீக மூச்சு. வலு 'குவ்வா', வீட்டுப் பெரியவங்க 'உடம்புல குவ்வத்து இல்லைப்பா' என்று சொல்வாங்களே, அதுதான். இயற்பியலில் இது விசை, நியூட்டனில் அளப்பது. பாரம் 'ஹிம்ல்', சிவில்காரங்க பீம் மேல் போடுகிற லோடு. அதே வேரில் 'தஹம்முல்' என்றால் தாங்கும் திறன், ஸ்டாமினா. ஆந்திரா, தெலங்கானாவில் மூட்டை தூக்குபவரை ஹமாலி என்பது இந்தக் குடும்பம்தான்.

டிரிபிள் ஈ நண்பர்களுக்கு ஒன்று. தொழுகையில் நிற்பதை 'கியாம்' என்கிறோம். எல்லாரும் எழுந்து நிற்கப்போகும் நாள் கியாமத்து நாள். அதே வேரை 'எதிர்த்து' என்ற பொருள் தரும் அச்சில் போட்டால் 'முகாவமா', எதிர்த்து நிற்பது. ரெசிஸ்டன்ஸ் பேண்ட் வைத்துச் செய்யும் பயிற்சி 'தம்ரீன் முகாவமா'. ஓம் விதியில் வரும் ரெசிஸ்டன்ஸும் முகாவமாதான். கியாமத்திலிருந்து ரெசிஸ்டருக்கு இவ்வளவுதான் தூரம். (தொழுகையை நான் எக்ஸர்ஸைஸ் என்று சொல்ல வரல. அப்படிச் சொல்லி வரும் ஃபார்வர்டு மெசேஜ்கள் எனக்குப் பிடிக்காது. சொற்களைப் பற்றித்தான் பேசுறேன்.)

கணக்குப் பாடத்துக்கு வருவோம். விளையாட்டு, உடற்பயிற்சி எல்லாவற்றுக்கும் பொதுச் சொல் 'ரியாளா'. குதிரைக்குட்டியைப் பழக்குவது அதன் பழைய பொருள். மூளையைப் பழக்குவதால் கணிதத்துக்கு 'ரியாளிய்யாத்'. இந்துஸ்தானி சங்கீதக்காரர்கள் காலையில் செய்யும் 'ரியாஸ்' அதே சொல். உடைந்த எலும்பைக் கூட்டிக் கட்டுவது 'ஜப்ர்'. அல்குவாரிஸ்மி ஒன்பதாம் நூற்றாண்டில் சமன்பாட்டைச் சரிக்கட்டும் வித்தைக்கு அந்தப் பேரை வைத்தார், அது அல்ஜீப்ரா ஆனது. கை உடைந்தால் வைத்துக் கட்டும் சிம்பு இன்றைக்கும் 'ஜபீரா'. எலும்பு முறிவு 'கஸ்ர்', பின்னமும் 'கஸ்ர்'. விலா எலும்பு 'ளில்உ', முக்கோணத்தின் பக்கமும் அதே. அதிலிருந்து வந்ததுதான் ஜில்லா. தாத்தா காலத்தில் தஞ்சாவூர் ஜில்லா என்று எழுதினவங்க, ஊரின் விலா எலும்பைத்தான் எழுதியிருக்காங்க.

கல்பு விஷயத்தில் ஜாக்கிரதை

இதுவரை எல்லாம் சுலபம் மாதிரி காட்டிவிட்டேன். தமிழ் எழுத்தில் அரபியைப் படிப்பதில் பெரிய குழி இருக்கு. இதயத்துக்கு 'கல்பு' என்கிறோம். அந்த 'க' தொண்டையின் அடியிலிருந்து வரணும். சாதாரண 'க' போட்டால் அது நாய். டாக்டரிடம் போய் "என் நாய் வலிக்குது" என்று சொன்ன கதை நமக்கு வேண்டாம். தஸ்கீனும் அப்படித்தான். அதில் 'க'வைக் காறுவது போல உரசிச் சொன்னால் வார்ம் அப். சாதாரணமாகச் சொன்னால் தணிப்பது, நேர் எதிர். ஆனால் அந்தத் தணிக்கும் வேரிலிருந்து ஒரு அவசியமான சொல் கிடைக்கிறது: 'முஸக்கின்', வலி மாத்திரை. முதர்ரிஸ் அச்சுதான், கண்டுபிடிச்சிருப்பீங்க.

முழங்கால் 'ருக்பா', கழுத்து 'ரகபா'. மூச்சு 'நஃபஸ்', ஆன்மாவும் மனசும் 'நஃப்ஸ்'. வேர்வை 'அரக்', ரத்தக்குழாய் 'இர்க்'. ஒலி கொஞ்சம் மாறினால் உறுப்பே மாறிவிடும்.

இந்த இடத்தில் தமிழனுக்கு ஒரு பெரிய அனுகூலம். குறில் நெடில் வேறுபாடும், ஒற்று இரட்டிப்பும் நமக்கு நாக்கிலேயே இருக்கு. படம் வேறு, பட்டம் வேறு, பாடம் வேறு என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அரபியில் 'ஹமாம்' என்றால் புறா, 'ஹம்மாம்' என்றால் குளியலறை. ஐரோப்பியர்கள் மாசக்கணக்கில் திணறும் இடம் இது. நாம முதல் நாளே சரியாகச் சொல்வோம். ஜிம்மில் வேர்த்துக் கொட்டிய பிறகு புறா எங்கே என்று விசாரிக்க மாட்டோம்.

ரியாளா, ளஹ்ர் என்று நான் 'ள' போட்டு எழுதுவதைப் பார்த்துக் குழம்பியிருப்பீங்க. அரபியில் ரெண்டு கனமான எழுத்து உண்டு. ஒன்று ரமளான், களா, உளு இவற்றில் வருவது. இன்னொன்று ளுஹரில் வருவது. தமிழ் முஸ்லிம்கள் காலங்காலமாக ரெண்டையும் 'ள' என்றே எழுதுகிறோம். வேடிக்கை என்னவென்றால் வளைகுடா அரபிகளும் பேச்சில் அந்த ரெண்டையும் ஒரே ஒலியாகத்தான் சொல்றாங்க. அது நம்ம 'ள' இல்லை. நாக்கு நுனி பல்லுக்கு இடையில் வந்து தடித்து வரும் ஒலி. ஊர் பேரை 'ரியாத்' என்கிறோம், பையன் பேரை 'ரியாஸ்' என்கிறோம், பயிற்சியை 'ரியாளா' என்கிறோம். மூன்றிலும் அரபியில் அதே ஒரு எழுத்துதான்.

அப்புறம் போலிச் சொந்தங்கள். பழைய தமிழில் உடற்பயிற்சிக்குக் 'கசரத்து' என்று ஒரு சொல் உண்டு. இந்தியில் இன்றும் கஸ்ரத். கேட்டால் அரபி மாதிரியே இருக்கும், வேரும் அரபிதான். ஆனால் அங்கே அதன் பொருள் 'ஏராளம்'. பயிற்சி என்பது இந்தியாவில் சேர்ந்த பொருள். நம்ம நாக்கில் அது 'கஸ்ர்' மாதிரி விழுந்தால், "நேத்து கசரத்து பண்ணேன்" என்று பெருமையாகச் சொன்னதுக்கு அரபிக்காரர் எந்த எலும்பு முறிந்தது என்று பார்ப்பார். குஸ்தி, பயில்வான் ரெண்டும் பாரசீகம். அரபி நாட்டில் செல்லாது. அங்கே மல்யுத்தம் 'முஸாரஆ'. 'ஜல்ஸா'வையும் பார்த்துப் பயன்படுத்தணும். நமக்கு அது வேற மூடு. அரபியில் அது உட்காருதல், ஒரு அமர்வு. பிசியோதெரபி கிளினிக்கில் "உங்களுக்குப் பத்து ஜல்ஸா இருக்கு" என்று சொன்னால் சந்தோஷப்படாதீங்க, பத்து சிட்டிங் பில்.

புத்தகம் ஒன்று, தெரு ஒன்று

மேலே சொன்னதெல்லாம் எழுத்து அரபி. நாடு முழுக்க எழுத்து ஒன்று, பேச்சு வேறு. இதில் செந்தமிழும் பேச்சுத் தமிழும் வைத்திருக்கும் நாம அரபிகளைக் குறை சொல்ல முடியாது. இதயம் எழுத்தில் 'கல்ப்'. வளைகுடாப் பேச்சில் அந்த 'க' நம்ம 'கங்கை'யின் முதல் எழுத்து மாதிரி ஒலிக்கும். கெய்ரோக்காரர் அந்த எழுத்தையே விழுங்கிவிட்டு 'அல்ப்' என்பார். அதனால் உறுப்பின் பெயரை எழுத்து அரபியில் படிச்சுக்கணும், வலியை மட்டும் தெரு அரபியில் படிச்சுக்கணும். வளைகுடாவில் "எனக்கு வலிக்குது" என்பதற்கு 'யிஅவ்விர்னீ'. உறுப்பின் கடைசியில் 'ஈ' சேர்த்தால் 'என்' என்று ஆகிவிடும். ளஹ்ரீ யிஅவ்விர்னீ: என் முதுகு வலிக்குது. காக்காவுக்குத் தேவைப்பட்டது இந்த ரெண்டே சொல்.

முழங்கால் பெண்பால். அதனால் ருக்பா, ருக்பதீ ஆகும். வினையும் 'யி' போய் 'தி' ஆகும்: ருக்பதீ திஅவ்விர்னீ. தோள் 'கித்ஃப்', நெஞ்சு 'ஸத்ர்', வயிறு 'பத்ன்', தலை 'ராஸ்'. ராஸ் அல்கைமா என்று ஒரு ஊர் இருக்கே, கூடாரத்தின் தலை என்று அர்த்தம்.

ஜிம்மில் கேட்கும் கட்டளைகள் குறைவுதான். 'இர்ஃபஉ', தூக்கு. 'நஸ்ஸில்', இறக்கு, குர்ஆன் இறங்கியதை நுஸூல் என்கிறோமே, அதே வேர். 'ஷ்வை ஷ்வை', மெதுவா மெதுவா. 'பஅத் வாஹித்', இன்னும் ஒன்று. இந்தக் கடைசிச் சொல்லை எந்த நாட்டு கோச் சொன்னாலும் நம்பாதீங்க, அது ஒன்றோடு நிற்காது.

எண்ணுவது தனி அழகு. வாஹித், இத்னேன், தலாதா, அர்பஆ, கம்ஸா, ஸித்தா, ஸப்ஆ, தமானியா, திஸ்ஆ, அஷரா. செட்டுக்கு 'மஜ்மூஆ'. கூட்டம், தொகுப்பு என்று பொருள். ஜும்ஆ, ஜமாஅத், தாலுகா ஆபீஸ் ஜமாபந்தி எல்லாம் இந்த வேர். இப்ப ஒரு வினோதம். ஒரு செட் மஜ்மூஆ. ரெண்டு செட்டுக்கு எண்ணே வேண்டாம், 'மஜ்மூஅதேன்' என்று இருமை வந்துவிடும். மூன்றிலிருந்து பத்து வரை பன்மை: தலாத் மஜ்மூஆத். பதினொன்றிலிருந்து மறுபடி ஒருமை! பதினொரு 'செட்டுகள்' கிடையாது, பதினொரு 'செட்'. நாமும் பேச்சில் "பதினோரு மாங்கா" என்றுதானே சொல்றோம்? எனக்கு இந்த விதி உடனே ஒட்டிக்கொண்டது.

நான் படிச்ச முறையையும் சொல்லிடுறேன். முதலில் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். ஒரு வாரத்தில் பாதி போச்சு. அப்புறம் சுபுஹுக்குப் பிறகு கடற்கரைச் சாலைப் பக்கம் நடக்கப் போகும்போது சொற்களைக் கூடவே எடுத்துப் போனேன். கையைத் தூக்கும்போது இர்ஃபஉ, இறக்கும்போது நஸ்ஸில், தண்டால் எடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் வாஹித், இத்னேன். இது போகல. ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் இதையே ஒரு முறையாகச் சொல்லியிருக்கிறார்: கட்டளையைக் கேட்டு உடம்பால் செய்துகொண்டே மொழி படிப்பது. குழந்தைகள் பேச ஆரம்பிக்கும் முன்னாடியே 'வா', 'உட்காரு', 'கை காட்டு' எல்லாம் புரிந்து செய்வதைப் பார்த்து யோசித்தது. எங்க ஊர் மக்தபில் உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி ஓதினதுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும் போல.

கூட நடந்த நண்பன் ஒருத்தன் பட்டுக்கோட்டைக்காரன். அரபி எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. பத்து நாளில் என்னைவிட வேகமாக எண்ணுகிறான். எழுத்து தெரிந்த எனக்குத்தான் ஒவ்வொரு சொல்லையும் கண்ணுக்குள் எழுதிப் பார்க்கிற பழக்கம் வேகத்தைக் குறைக்கிறது. அவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. மூணு வருஷமா மெஸ் சாப்பாட்டையே சாப்பிட்டும் அவனுக்குத் தொப்பை போடாததற்கு இன்னும் காரணம் கண்டுபிடிக்கல.

கத்தாரில் 2012இலிருந்து பிப்ரவரி மாசம் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை தேசிய விளையாட்டு நாள், பொது விடுமுறை. அதன் பேர் 'அல்யவ்முர் ரியாளீ'. துபாயில் 2017இலிருந்து வருஷம் ஒரு தடவை முப்பது நாள், தினம் முப்பது நிமிஷம் உடற்பயிற்சி என்று ஒரு சவால் நடக்குது. போகிறவங்க அந்தச் சமயத்தில் வெளியே இறங்கி நடந்தால் ஜிம்முக்குக் காசு கட்டாமலே பாதிச் சொல்லைப் போர்டிலிருந்து படிச்சுடலாம்.

கடைசியாக ஒன்று, இது உடற்பயிற்சிச் சொல்தானா என்று எனக்கே சந்தேகம். வேலை செய்துகொண்டிருப்பவரை, வேர்த்து நிற்பவரைக் கடந்து போகும்போது அரபிகள் 'யஅதீக்கல் ஆஃபியா' என்பார்கள். அவன் உனக்கு ஆரோக்கியத்தைத் தரட்டும். பதில்: 'அல்லாஹ் யிஆஃபீக்'. துஆ கேட்கும்போது 'ஸிஹ்ஹத்தும் ஆஃபியத்தும்' என்று எங்க உம்மாமார்கள் சொல்லும் அதே ஆஃபியத். சைட்டில், லிஃப்ட்டில், ஜிம்மில், எங்கேயும் சொல்லலாம். சொன்னதும் எதிரே இருப்பவர் முகம் மாறுவதைப் பாருங்க என்று காக்காதான் சொன்னார்.

போன வெள்ளிக்கிழமை அவர் வீடியோ காலில் வந்தார். என் நோட்டை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தேன். ரூமில் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். முதுகு எப்படி இருக்கு காக்கா என்று கேட்டேன்.

"ளஹ்ர் நல்லா இருக்குடா தம்பி. இப்ப ருக்பதீ திஅவ்விர்னீ."

'தி' சரியாகப் போட்டிருந்தார்.